ஜிப்பாவுக்கு வந்த சந்தேகம்

ஆண்கள் போடும் ஜிப்பாவைப் பெண்கள் உடை என்று அரசாங்கம் சொன்னால் என்ன செய்வது? நான் சிரித்தேன். போனில் சொன்ன கார்த்திகேசனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "அக்கா, இது ஜோக்கு இல்ல. சரக்க நிறுத்தி வச்சுட்டாங்க" என்றான். அத்தோடு என் சிரிப்பு போனதுதான்.

கார்த்திகேசன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் வைத்திருக்கிறான். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்குச் சுங்கத்தில் கணக்குக் காட்டி, வரியைக் கட்டி, வெளியே எடுத்துக் கொடுப்பது அவன் தொழில். எங்கள் சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியிருந்தது. சீனாவில் தைத்து வந்த ஜிப்பாக்கள். நோன்புப் பெருநாளுக்கு விற்க வேண்டியவை.

சிதம்பரம் மேலவீதியை ஒட்டிய சந்தில் எங்கள் துணிக்கடை. மகள் ஷாசியா நடை பழகிய காலத்திலிருந்து நடத்துகிறவள் நான், ஜெய்னப். என் வீட்டுக்காரர் இம்தியாஸ் குவைத்தில் கட்டடக் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். கல்யாணமான மூன்றாம் மாதம் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், அத்தர் வாசனை வீட்டை விட்டுப் போவதற்குள் கிளம்பிவிடுவார். ஷாசியா இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். அத்தாவின் முகத்தை நேரில் பார்த்ததைவிட போனில் பார்த்ததுதான் அவளுக்கு ஜாஸ்தி.

இந்த முறை நீண்ட லீவில் வந்திருந்தார். இனிமேல் இவரைப் போகவிடக் கூடாது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அழுது, கெஞ்சி, சண்டை போட்டு எல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது. ஆம்பளையைக் கண்ணீரால் கட்டிவைக்க முடியாது, தொழிலால்தான் முடியும் என்று எனக்கு ஒரு எண்ணம். ஈரோட்டிலும் சென்னையிலும் மொத்த வியாபாரியிடம் வாங்கிக்கொண்டிருந்த ஜிப்பாவை நாமே நேராக வரவழைத்தால் என்ன என்று கேட்டேன். இறக்குமதி லைசென்ஸை அவர் பேரிலேயே எடுத்தேன். அவர் பேரில் ஒரு தொழில் இருந்தால் கால் இந்த மண்ணில் ஊன்றிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அவரும் மறுக்கவில்லை. "நீ சொல்றாப்ல இது நின்னுட்டா நான் எதுக்குப் போறேன்?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் தாயத்து மாதிரிக் கட்டிக்கொண்டு அலைந்தேன்.

இப்போது ஜிப்பாவுக்கே சந்தேகம் வந்து நின்றது.

துணி என்றால் துணிதானே என்று நாம் நினைக்கிறோம். சுங்கத்துக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு உடைக்கும் ஓர் எண் உண்டு. தறியில் நெய்ததா, பனியன் மாதிரி பின்னியதா? பருத்தியா, பாலியஸ்டரா? ஆணுக்கா, பெண்ணுக்கா? ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், எண்ணுக்கு எண் வரி வேறு. சிலதுக்கு விலையில் இத்தனை சதவீதம், அல்லது உருப்படிக்கு இவ்வளவு, இரண்டில் எது ஜாஸ்தியோ அது. நெய்ததா பின்னியதா என்று பார்க்கவே ஒரு ஜிப்பாவை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, நோன்பில் ஒரு வாரத்தைத் தின்றுவிட்டார்கள். நெய்தது என்று அங்கிருந்து பதில் வந்தது. அதைக் கடையில் வேலை செய்யும் இலக்கியாவிடம் கேட்டிருந்தால் தொட்டுப் பார்த்தே சொல்லியிருப்பாள். சரி, அது போகட்டும் என்று இருந்தபோதுதான் இந்த ஆண், பெண் விவகாரம்.

"பட்டன்தான்க்கா பிரச்சின" என்றான் கார்த்திகேசன். "ஆம்பள சட்டன்னா எடப்பக்கத் துணி மேல வந்து மூடணும். பொம்பள சட்டன்னா வலப்பக்கம் மேல வரணும். அப்புடித்தான் ரூலு. நம்ம ஜிப்பால எல்லாத்துலயும் வலப்பக்கம் மேல இருக்கு. நீங்க ஆம்பள சட்டன்னு கணக்குக் காட்டியிருக்கீங்க, தப்பா காட்டியிருக்கீங்கன்னு ஆபீசர் சொல்றாரு."

இத்தனை வருஷமாகத் துணி விற்கிறேன். பொத்தானுக்கு இப்படி ஒரு சாதிப் பிரிவு இருப்பதை நான் கவனித்ததே இல்லை. அவன் புளுகுகிறானோ என்று கடை வாசலில் வந்து நின்றேன். போகிற வருகிற ஆண்களின் சட்டையைப் பார்த்தேன். பூக்காரர், ஆட்டோக்காரர், வங்கி மேனேஜர், கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் என்று அன்றைக்கு நான் பார்க்காத நெஞ்சு சிதம்பரத்தில் இல்லை. எல்லோருக்கும் இடப்பக்கம்தான் மேலே. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரின் சட்டையை நான் உற்றுப் பார்க்க, அவர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

"யக்கா, உள்ள வாங்க. ஊர்ல என்னா நெனப்பாங்க" என்று இலக்கியாதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

கடையை அவளிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். சீனாவுக்கு மாதிரியாகக் காட்டியது இம்தியாஸின் ஜிப்பாவைத்தான். குவைத்தில் ஒரு நல்ல தையல்காரரிடம் அவர் அளவு கொடுத்துத் தைத்தது. பீரோவிலிருந்து எடுத்து விரித்தேன். இடப்பக்கம் மேலே, பையும் இடப்பக்கம். ஒழுங்கான ஆம்பளை ஜிப்பா. பிறகு போனைத் திறந்து, சீனாக் கம்பெனிக்கு நான் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அதே ஜிப்பா, அதே மனுசன், ஆனால் வலப்பக்கம் மேலே, பையும் வலப்பக்கம். எனக்குத் தலை சுற்றியது.

ஷாசியா எட்டிப் பார்த்தாள். "இது செல்ஃபிம்மா. அத்தா போன்ல கண்ணாடில பாக்கற மாரி திரும்பித்தான் விழும். அந்த செட்டிங்க மாத்தவே இல்ல அவுரு."

விஷயம் அதுதான். இருபது வருஷமாக போன் வழியாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் வேறு எப்படிப் படம் எடுப்பார்கள்? முன்பக்கக் கேமராவைத் திறந்து, முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு சிரிப்பு சிரித்து எடுத்துவிட்டார். நானும் அழகாக இருக்கிறாரே என்று அப்படியே அனுப்பிவிட்டேன். படத்தில் இருப்பதுபோலவே வேண்டும் என்று வேறு எழுதினேன். சீனாக்காரன் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. பை முதற்கொண்டு பிசகாமல் தைத்து அனுப்பிவிட்டான். அவன்மேல் கோபப்பட வழியில்லை என்பதே எனக்குப் பெரிய கோபம்.

இம்தியாஸிடம் சொன்னேன். சிரிப்பார், அல்லது தலையில் அடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "அப்புடியா?" என்று கேட்டுவிட்டு ஜிப்பாவை மடித்துக் கட்டிலில் வைத்தார். அவர் அம்மா, என் மாமிதான் கத்தினார்கள். "ஏண்டி, பொம்பள சட்டய போட்டுக்கிட்டா பெருநா தொழுவைக்கிப் போவாங்க?" என்றார்கள். "மாமி, அது பொம்பள சட்ட இல்ல. சுங்கத்துக்காரன் அப்புடிச் சொல்றான்" என்றேன். "கவுருமெண்டு சொன்னா சும்மாவா சொல்லும்?" என்றார்கள். கவர்மென்ட் சொன்னால் சூரியன் மேற்கே உதிக்கும் என்று நம்புகிறவர்களிடம் என்ன பேச?

மறுநாள் காலையிலேயே கடலூர் பஸ் ஏறினேன். பையில் இம்தியாஸின் ஜிப்பா, என் சுடிதார் டாப் ஒன்று, அளவு டேப். ரோடு வேலை நடக்கிற இடத்தில் பஸ் ஊர்ந்தது. நோன்பு வேறு. வாய் உலர்ந்து, கார்த்திகேசனின் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தபோது ஏசி ஓடவில்லை. ஒரு ஃபேன் மட்டும் காற்றைத் தராமல் சத்தத்தைத் தந்தது.

ஜிப்பாவை மேசையில் விரித்தேன். பக்கத்தில் டாப்பை விரித்தேன். "பாரு தம்பி. பொம்பள துணின்னா இங்க நெஞ்சுக்கு ஒரு தையல் வரும், இடுப்புல ஒடுங்கும். இதுல எங்க இருக்கு? தோள்பட்டை அகலத்தப் பாரு. அக்குளப் பாரு. எந்தப் பொம்பள இதுக்குள்ள பூருவா? மூணு பேரு பூரலாம்."

அவன் முகம் மலர்ந்தது. "இதத்தான்க்கா நானும் சொல்ல வந்தேன். கட்டிங்கப் பாத்தா ஆம்பளதுன்னு தெளிவாத் தெரிஞ்சா, பட்டன் எந்தப் பக்கம் இருந்தாலும் பாக்கத் தேவையில்லன்னு அதே ரூல்லயே இருக்கு."

"தெளிவாத் தெரியலன்னா?"

"ஆம்பளதா பொம்பளதான்னு சொல்ல முடியலன்னா, பொம்பள கணக்குலதான் போடுவாங்க."

எனக்கு வந்ததே கோபம். "அது சரி! எந்தக் கணக்குன்னு தெரியாததெல்லாம் எங்க தலையிலதானே? மாமிக்கு சுகர் மாத்தர, வீட்டு வரி, பொண்ணுக்குக் காலேஜி, கூரையில ஒழுகற ஓட்டை, யாரு பாக்கணும்னு எதுலயும் எழுதல, அதனால நான் பாக்கறேன். இப்ப ஜிப்பாவும் வந்துடுச்சா?"

கார்த்திகேசன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான். நோன்பு என்று நினைவு வந்து, திரும்ப எடுத்துக்கொண்டான். பிறகு நிதானமாகச் சொன்னான். வழி இரண்டு இருக்கிறது. தப்புத்தான் என்று ஒத்துக்கொண்டு, கூடுதல் வரியும் அபராதமும் கட்டினால் சரக்கு உடனே வெளியே வந்துவிடும். ஆனால் தப்பாகக் கணக்குக் காட்டியவர் என்று பெயர் விழுந்துவிடும். அடுத்தடுத்து வரும் சரக்கை எல்லாம் பிரித்துப் பார்ப்பார்கள், சின்ன வியாபாரிக்கு அது தாங்காது. இன்னொரு வழி, இது ஆண்கள் உடைதான் என்று எதிர்த்துப் பேசுவது. ஆபீசர் ஒரு தேதி கொடுத்துக் கூப்பிட்டுக் கேட்பார். அதுவரை சரக்கு கிடங்கில் கிடக்கும்.

"கட்டிங்க வச்சு ஜெயிச்சிடலாம்க்கா. நான் கேரண்டி. ஆனா தேதி எப்ப வரும்னு சொல்ல முடியாது. ஒரு மாசம் ஆவலாம், ரெண்டு மாசம் ஆவலாம். லைசென்ஸ் அண்ணன் பேர்ல இருக்கு. அவுருதான் வந்து பதில் சொல்லணும். அண்ணன் ஊர்லதான இருப்பாரு?"

"இருப்பாரு. அவுரு எங்க போறாரு?" என்றேன்.

இதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பெருநாள் வியாபாரம் போனால் போகட்டும், ஹஜ்ஜுப் பெருநாள் இருக்கிறது. தேதி தள்ளிப் போகப் போக அவர் லீவும் முடியும், விசாவும் முடியும். கேஸும் ஜெயிக்கும், ஆளும் இங்கேயே நிற்பார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சுங்கத்துக்காரரை மனதார வாழ்த்திக்கொண்டே பஸ்ஸில் தூங்கிப்போனேன்.

நோன்பு திறந்த பிறகு இம்தியாஸை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். ஆபீசர் என்ன கேட்பார், இவர் என்ன சொல்ல வேண்டும் என்று பேசிப் பார்த்தோம். நான்தான் ஆபீசர்.

"இது என்ன உடை?"

"ஜிப்பா."

"ஆண்கள் ஜிப்பான்னு எதை வச்சு சொல்றீங்க?"

"நான் போடுறேன்ல."

ஷாசியா விழுந்து விழுந்து சிரித்தாள். "மச்சான், தோள்பட்டை, நெஞ்சுத் தையல் எல்லாம் சொல்லணும்" என்று டேப்பை அவர் மேல் வைத்துக் காட்டினேன். அவர் கையைத் தூக்கியபடி நின்றார், அளவெடுக்கக் காத்திருக்கும் ஆள் மாதிரி. "நீயே வந்து சொல்லிடேன், ஜெய்னப்பு. எனக்கு இதெல்லாம் எங்க வரும்?" என்றார். "ஒங்க பேர்லதான லைசென்ஸு" என்றேன். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். கூச்சம் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மதியம் கார்த்திகேசனின் போன். "அக்கா, சரக்கு வெளிய வந்துடுச்சு. லாரி நாளைக்குக் காலைல சிதம்பரம் வந்துடும்" என்றான்.

"எந்தச் சரக்கு?"

"நம்ம ஜிப்பாதான்க்கா. அண்ணன்தான் போன் பண்ணி எதுத்துப் பேச வேணாம், ஒத்துக்கறேன்னு சொல்லிட்டாரே. ஆபீசுக்கே வந்து கையெழுத்தும் போட்டாரு. ஃபைனும் அவுரே கட்டிட்டாரு. ஒங்ககிட்ட சொல்லிட்டுதான் வந்தேன்னாரு."

முந்தின நாள் கடலூரில் ஒரு கூட்டாளியைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியவர்தான். வரும்போது எனக்குப் பிடிக்குமென்று மஞ்சக்குப்பத்திலிருந்து பேரீச்சம்பழம் வேறு வாங்கிவந்திருந்தார். நான் அதில்தான் நோன்பு திறந்தேன்.

இலக்கியா சாப்பிடப் போயிருந்தாள். இம்தியாஸ் கடையின் உள்ளே கைலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அடுக்கிவைத்ததையே எடுத்து மறுபடி அடுக்குவார், பகலில் அதுதான் அவருக்கு வேலை. நான் போய் எதிரில் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் கைலியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஜெயிக்கற கேஸு. எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"ஒனக்கு நஷ்டம் ஒண்ணும் வராது. ஃபைன் நான் கட்டிட்டேன்."

"எனக்கு நஷ்டம் வராதா?"

கீழே வைத்த கைலியை மறுபடி எடுத்து மடித்தார். நான் விடவில்லை. "தேதி வர வரைக்கும் இங்க இருக்கணும்னுதான? விசா போயிடும்னுதான?"

"ஆமா" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

"இது நின்னுட்டா போவ மாட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். நீ ஆசையாக் கேட்ட, சொன்னேன்." ஸ்டூலில் உட்கார்ந்தார். "கோச்சுக்காத ஜெய்னப்பு. அங்க காலைல நான் போய் நின்னாத்தான் வேல ஆரம்பிக்கும். பாய் வந்துட்டாரான்னு கேப்பாங்க. இங்க நான் இருந்தாலும் கடை தொறக்குது, இல்லன்னாலும் தொறக்குது. ஷாசியாவுக்கு எது வேணும்னாலும் ஒன்னத்தான் கேக்குது. அம்மாகூட மாத்தரய ஒங்கிட்டதான் கேக்குது. காலைல எந்திரிச்சா எங்க போய் நிக்கறதுன்னு எனக்குத் தெரியல."

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"கடலூர்லேந்து சிரிச்சிக்கிட்டே வந்த. எப்புடிச் சொல்றது?"

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவர் இல்லாமல் ஒரு வீட்டை நிற்கவைக்கப் பழகினேன். பழகிய பிறகு, தான் இல்லாமலேயே நிற்கிறதே என்று இவர் சொல்கிறார். இதை எந்த ஆபீசரிடம் போய் எதிர்த்துப் பேசுவது? தோள்பட்டையைக் காட்டவா, தையலைக் காட்டவா? எனக்கு என் புருஷன் வேண்டும், அவ்வளவுதான். வேலை செய்ய வேண்டாம், அடுக்கியதையே அடுக்கிக்கொண்டு கண்ணெதிரில் இருந்தால் போதும். இதை வாய்விட்டே சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் போகவில்லை என்று சொல்லவில்லை.

லாரி வந்தது. கடையில் இடம் போதாமல் பெட்டிகளை வீட்டு மாடியில் ஏற்றினோம். பெருநாளுக்கு முந்தின நாட்களில் ஜிப்பா அள்ளிக்கொண்டு போனது. பொத்தான் எந்தப் பக்கம், பை எந்தப் பக்கம் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. சீனாத் துணி நல்ல வழுவழுப்பு, விலையும் குறைவு. மோதினாரே இரண்டு எடுத்தார். கூடுதல் வரி போகவும் கையில் நின்றது. நான் நினைத்தபடி தொழில் நின்றுவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது.

பெருநாள் முடிந்த வாரத்தில் அவர் கிளம்பினார். சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். மாமி அவர் தலையைத் தடவி ஓதி ஊதினார்கள். "பத்ரமா போய்ட்டு வாப்பா" என்றார்கள். ஷாசியா அவர் கையை விடாமல் நின்றாள். "போய்ட்டு வாங்கத்தா" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷமும் ஒவ்வொரு முறையும், எவ்வளவு சண்டை போட்டிருந்தாலும், கடைசியில் நான் சொல்லும் வார்த்தை அதுதான். போகிறவரிடம் வேறு எதையும் யாரும் சொல்லமாட்டார்கள். பகையாளியிடம்கூடச் சொல்லமாட்டார்கள்.

"ஃபீ அமானில்லாஹ்" என்றேன். அல்லாஹ்வின் பாதுகாப்பில் விடுவதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை. அவர் நகரவில்லை, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு மீதிக்காகக் காத்திருந்தார். கண்டக்டர் விசில் அடித்தார்.

"போங்க" என்றேன்.

மாமி திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார்கள். இம்தியாஸின் முகம் ஒரு நொடியில் வயசானவர் முகமாகிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார் என்று தெரியும். நான் அதற்குள் திரும்பிக் கடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தேன்.